ஸ்டார்ட் ஆகிறது, உடனே நின்றுவிடுகிறது: பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் மாஸ்டா அறிமுகப்படுத்திய முதல் தலைமுறை எம்எக்ஸ்-5. அமெரிக்காவிலும் கனடாவிலும் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். விளக்குகள் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பி வரும், அந்தச் சின்ன இருவர் வண்டி. இங்கே சொல்வதெல்லாம் 1597 சிசி எஞ்சின் போட்ட ஆரம்ப கால வண்டிகளுக்கு, அதாவது வட அமெரிக்காவில் 1990 முதல் 1993 வரையிலான மாடல்களுக்கு. 1.8 லிட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் கடைசிக் கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது 1991 மாடல். கனடாவின் ஸ்கார்பரோவில் பனிக்காலம் முழுக்க கராஜில் தூங்கும், ஏப்ரலில் எழும்பும். எழும்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு சேட்டை பண்ணும். கீழே இருப்பதில் பாதி அப்படிக் கற்றதுதான்.

ஸ்டார்ட் ஆகி நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கடிகாரத்திலிருந்து. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எந்த நொடியில் நிற்கிறது என்பதைக் கவனித்தால் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். சாவியை விட்ட கையோடு, ஒன்றிரண்டு நொடிக்குள் நிற்கிறதா? ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கும்வரை ஓடி, காலை எடுத்ததும் நிற்கிறதா? பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, சூடேறியபின் நிற்கிறதா? இந்த மூன்றும் வேறு வேறு நோய்கள். வெறுமனே "நின்றுபோகிறது" என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் பெட்ரோல் பம்ப்பில்தான் ஆரம்பிப்பார். பம்ப் விலை அதிகம், மாற்றுவது அவருக்குச் சுலபம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஸ்டார்ட் ஆகிறது என்பதே நல்ல செய்தி. அந்த ஒரு நொடியாவது பெட்ரோல் வந்திருக்கிறது, பொறி வந்திருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது. அப்படியானால் ஸ்டார்ட்டுக்கும் அடுத்த நொடிக்கும் இடையில் எது மாறியது என்பதைத்தான் தேட வேண்டும்.

சாவியை விட்டதும் நிற்கிறது. அப்படி என்னதான் மாறுகிறது?

இந்த வண்டியில் ரொம்பவே மாறுகிறது. விஷயம் இங்கேதான் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டாஷ்போர்டுக்கு அடியில் "சர்க்யூட் ஓப்பனிங் ரிலே" என்று ஒன்று உண்டு. ரிலே என்றால் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் கொடுப்பது அதுதான். அதை இழுத்துப் பிடிக்க இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்திருக்கும்போது, ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரமே ரிலேயையும் இழுத்துப் பிடிக்கும், பம்ப் ஓடும். சாவியை விட்டதும் அந்த வழி அடைபடும். அதன்பிறகு ரிலேயைப் பிடித்து வைப்பது, ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கும் ஏர்ஃப்ளோ மீட்டருக்குள் உள்ள ஒரு சின்னஞ்சிறு சுவிட்ச்.

அந்த மீட்டருக்குள் ஸ்பிரிங் வைத்த ஓர் அலுமினியக் கதவு இருக்கிறது. எஞ்சின் காற்றை இழுக்கும்போது கதவு திறக்கும். எவ்வளவு திறந்தது என்பதை வைத்து வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கணக்கிடும். கதவு சற்று திறந்தாலே உள்ளே அந்த சுவிட்ச் சேரும், பம்ப் ஓடும். எஞ்சின் நின்றால் கதவு மூடும், பம்ப்பும் நிற்கும். விபத்தில் எஞ்சின் நின்றபின் பம்ப் பாட்டுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் முப்பது வருடம் கழித்து நம்மைப் படுத்துவதும் இதுவேதான்.

சரி, காற்று அந்தக் கதவு வழியாக வராமல் வேறு ஓட்டை வழியாக வந்தால்? எஞ்சினுக்குக் காற்று கிடைக்கும், ஆனால் கதவு திறக்காது, சுவிட்ச் சேராது. ஸ்டார்ட் ஆகும், சாவியை விட்டதும் பம்ப் செத்துவிடும். பெட்ரோல் குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் ஓரிரு நொடி ஓடிவிட்டு வண்டி நிற்கும்.

அந்த ஓட்டை எங்கே இருக்கும்?

ஏர்ஃப்ளோ மீட்டரிலிருந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வாசலான த்ராட்டிலுக்கு எஞ்சினின் முன்பக்கமாகக் குறுக்கே ஒரு பெரிய குழாய் போகிறது. அதன் இரண்டு முனையிலும் ரப்பர் இணைப்புகள், கிளாம்ப்கள். ரப்பரின் மடிப்புகளுக்குள் கீறல் விட்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். முக்கால்வாசி கீறல்கள் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். அந்தக் குழாயிலிருந்து பிரியும் சின்ன ஹோஸ்களையும் விடாதீர்கள். வால்வ் கவருக்குப் போவது ஒன்று, ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெல்ல ஓடும் நிலை) வால்வுக்குப் போவது இன்னொன்று. எஞ்சின் ஆயில் மூடி சரியாக இறுகாவிட்டாலும், டிப்ஸ்டிக் முழுக்க உட்காராவிட்டாலும் அங்கேயும் காற்று திருட்டுத்தனமாக நுழையும். அது பெரும்பாலும் வண்டியை நிறுத்தாது, ஐடிலை ஆட்டும்.

ஒருமுறை டைமிங் பெல்ட் மாற்ற ஒரு கராஜில் விட்டிருந்தேன். பெல்ட்டுக்குப் போக அந்தக் குறுக்குக் குழாயைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்பி வந்த வண்டி அவர்கள் வாசலில் ஸ்டார்ட் ஆகி நின்றது, மறுபடி ஸ்டார்ட் ஆகி நின்றது. பம்ப் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து போனட்டைத் தூக்கினால், த்ராட்டில் பக்கத்து கிளாம்ப் குழாய்மேல் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நாலு திருகு. அவ்வளவுதான் வேலை. அன்றிலிருந்து யாருடைய வண்டியானாலும் "போன வாரம் யாராவது இதில் கை வைத்தார்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி.

வீட்டிலேயே எப்படி உறுதி செய்வது?

அரை அடி ஒயர் போதும். எஞ்சின் அறையில் இடது பக்கம் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும், மூடியில் "டயக்னோசிஸ்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். மூடியின் உட்புறத்தில் எந்தத் துளை எதற்கு என்று படமும் போட்டிருப்பார்கள். அதில் எஃப்/பி (F/P, பெட்ரோல் பம்ப்), ஜிஎன்டி (GND, எர்த்) என்ற இரண்டு துளைகளையும் ஒயரால் இணைத்துவிட்டு, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்தால் உள்ளே தேனீ முரல்வது போல ஒரு சத்தம் கேட்கும். அதுதான் பம்ப். வேறு துளையில் குத்திவிடாதீர்கள், அங்கே பேட்டரி மின்சாரம் வரும் துளையும் இருக்கிறது.

இப்போது ஒயர் இணைப்போடு வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் ஓடினால் பம்ப்பும் நல்லது, ரிலேயும் நல்லது. குற்றவாளி காற்றுக் குழாய், ஏர்ஃப்ளோ மீட்டர் சுவிட்ச், அல்லது அதற்குப் போகும் ஒயர். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பம்ப் ஓடுகிறது, ஆனால் ஒயர் இணைத்தும் முரலவில்லை என்றால் ரிலேயின் இரண்டாவது காயிலை, அதாவது சாவியை விட்டபின் அதைப் பிடித்து வைக்கும் கம்பிச்சுருளை, சந்தேகப்படலாம். பம்ப் முரல்கிறது, ஆனாலும் வண்டி நிற்கிறது என்றால் பெட்ரோல் அழுத்தத்தையும் பொறியையும் பார்க்க வேண்டும்.

குழாயில் கீறல் எதுவும் கண்ணில் படவில்லையா? ஒயரை எடுத்துவிட்டு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, சாவியை ஆனில் வைத்து, மீட்டரின் கதவை விரலால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். லேசான ஸ்பிரிங் எதிர்ப்பு இருக்கும், எங்கேயும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தள்ளிய உடனே பின்னால் பம்ப் முரல வேண்டும், விரலை எடுத்ததும் அடங்க வேண்டும். கதவு நகர்கிறது, பம்ப் பேசவில்லை என்றால் சுவிட்ச் போய்விட்டது என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தால், சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் இடையில் கதவு மூடியிருக்கும்போது தொடர்பே இருக்கக் கூடாது, திறந்ததும் பூஜ்யத்துக்கு வர வேண்டும்.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பஞ்சும் குச்சியுமாக ஏதோ இருக்கிறதே?

எலி. பனிக்காலத்தில் கராஜில் கிடந்த வண்டிக்கு இது சகஜம். கூட்டைக் கையுறை போட்டு எடுங்கள். ஃபில்டரைத் தாண்டி மீட்டருக்குள் ஒரு நூல் போயிருந்தாலும் கதவு சிக்கிக்கொள்ளும். என் வண்டியில் ஒரு வருடம் இன்சுலேஷன் பஞ்சு மட்டும் இரண்டு கைப்பிடி வந்தது. ஒயர்களையும் கடித்திருக்கிறதா என்று அப்படியே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எஃப்/பி ஒயரை அப்படியே விட்டு ஓட்டினால் என்ன?

ஓடும். ஆனால் செய்யாதீர்கள். எங்காவது மோதி எஞ்சின் நின்றாலும் சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் அறுந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, கதவைத் தாண்டி வரும் காற்று கம்ப்யூட்டரின் கணக்கில் வராது, எஞ்சின் பெட்ரோல் குறைவாகவே எரிக்கும். ஒயர் இருப்பது சோதனைக்கு மட்டும். சோதனையைக் கூட கராஜ் கதவைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

சாவி சுவிட்சே கெட்டிருக்க வாய்ப்பில்லையா?

உண்டு. ஸ்டார்ட் நிலையில் தொடர்பு நன்றாக இருந்து, ஆன் நிலைக்குத் திரும்பும்போது விட்டுப்போகும் பழைய சுவிட்சுகள் இருக்கின்றன. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: வண்டி நிற்கும் நொடியில் டாஷில் உள்ள பேட்டரி விளக்கையும் ஆயில் விளக்கையும் பாருங்கள். எஞ்சின் நின்றதும் அவை எரிய வேண்டும். எரியாமல் டாஷே இருண்டு கிடந்தால் சுவிட்சைக் கழற்றுங்கள். சாவியை ஒரு மயிரிழை முன்னும் பின்னும் ஆட்டும்போது உயிர் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

பம்ப்தான் கெட்டிருக்கிறது என்று எப்போது சொல்லலாம்?

பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்தபின். அதற்கு முன்னால் சொல்பவர் ஊகிக்கிறார். எஃப்/பி ஒயரை இணைத்து எஞ்சின் ஓடாமல் பார்த்தால் 38 முதல் 46 பிஎஸ்ஐ வரை வர வேண்டும். ஐடிலில் ஓடும்போது, பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸ் இணைந்திருந்தால், 30களில் இருக்கும். முதலில் நன்றாக ஏறிப் பிறகு மெல்ல இறங்கினால் பெட்ரோல் ஃபில்டர் அடைப்பை முதலில் பாருங்கள். அது வண்டிக்கு அடியில், பின்சக்கரத்துக்கு முன்னால் ஒளிந்திருக்கும். அழுக்குப் படும் இடம் என்பதால் பலரும் மாற்றுவதே இல்லை. பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. இருக்கைகளுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கினால் ஒரு தகட்டு மூடி தெரியும், டேங்கை இறக்காமலே எடுத்துவிடலாம். பழைய பெட்ரோல், அதிலும் எத்தனால் கலந்தது ஒரு வருடமாகக் கிடந்தது என்றால், அதை வடித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, சூடானதும் நிற்கிறது. ஆறியபின் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது.

இது வேறு கதை. இங்கே காற்றுக் குழாயை மறந்துவிட்டு மின்சாரப் பக்கம் வாருங்கள். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. எப்போது பொறி விட வேண்டும், எப்போது பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்த சென்சார்தான். சூட்டில் இது வாய் மூடிவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கும். பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயில், அதை இயக்கும் இக்னைட்டர், மெயின் ரிலே ஆகியவற்றுக்கும் இதே குணம் உண்டு.

எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளைப் பாருங்கள், அது சாட்சி சொல்லும். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது எஞ்சின் செத்து, முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் இக்னிஷன் சிக்னல் அறுந்திருக்கிறது. எஞ்சின் இன்னும் சுற்றும் வேகத்தையே முள் காட்டிக்கொண்டிருந்தால் பொறி வருகிறது, பெட்ரோல்தான் வரவில்லை. முப்பது வருட வண்டியில் இலவசமாகக் கிடைக்கும் கருவி இது ஒன்றுதான்.

கேம் சென்சார் அடியில் ஆயில் வழிந்திருப்பதைப் பார்த்து சென்சார் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஓ-ரிங் காய்ந்து ஆயில் கசிவது இந்த வண்டியின் பிறவிக் குணம். ஓ-ரிங் மாற்றக் கழற்றினால், பழைய இடத்தைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங்கே, அதாவது பொறி விடும் நேரமே, மாறிவிடும்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் நிற்கிறது.

ஐடில் காற்று பற்றாக்குறை. த்ராட்டில் கதவு மூடியிருக்கும்போது எஞ்சினுக்குக் காற்றுக் கொடுப்பது அதன் அடியில் உள்ள ஐடில் வால்வு. கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். த்ராட்டிலைக் கழற்றி க்ளீனர் அடித்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். வால்வின் மின்காயிலை மீட்டரில் பார்த்தால் சுமார் 11, 12 ஓம் காட்ட வேண்டும். அதற்குள் கூலண்டும் ஓடுகிறது, கழற்றும்போது ஒரு கந்தல் துணியைக் கீழே வையுங்கள்.

ஐடிலை அமைக்கும் முறை: எஞ்சின் சூடான நிலையில், அதே டயக்னோசிஸ் பெட்டியில் டென் (TEN), ஜிஎன்டி இரண்டையும் இணைத்துவிட்டு, த்ராட்டில் மேல் உள்ள காற்று ஸ்க்ரூவால் 850 ஆர்பிஎம்முக்குக் கொண்டுவர வேண்டும். டைமிங்கையும் அந்த நிலையில்தான் பார்ப்பார்கள், 10 டிகிரி. டென் இணைக்காமல் ஸ்க்ரூவைத் திருகுவது வீண் வேலை. நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, கம்ப்யூட்டர் மறுபக்கம் இழுக்கும்.

குளிர்ந்திருக்கும்போது மட்டும் நிற்கிறது?

கூலண்ட் வெப்ப சென்சார். இரண்டு ஒயர் உள்ளது கம்ப்யூட்டருக்கு, ஒற்றை ஒயர் உள்ளது டாஷ் முள்ளுக்கு. ஆளை மாற்றிப் பிடிக்காதீர்கள். இரண்டு ஒயர் உள்ளது 20 டிகிரி செல்சியஸில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் காட்ட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கிறது என்று சென்சார் பொய் சொன்னால் குளிர்காலக் காலையில் பெட்ரோல் குறைவாகத் தெளிக்கும், இருமிவிட்டு நிற்கும்.

ஸ்கேனர் செருக இடமே இல்லையே?

இருக்காது. அமெரிக்காவில் ஓபிடி-2, அதாவது ஸ்கேனர் செருகிக் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் பொது ஏற்பாடு, கட்டாயமானது 1996 மாடல்களிலிருந்துதான். இதில் டென், ஜிஎன்டி இரண்டையும் இணைத்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை ஆனில் வைத்தால் செக் எஞ்சின் விளக்கு சிமிட்டும். நீண்ட சிமிட்டல் பத்து, குறுகியது ஒன்று. அந்த விளக்கே இல்லாத வண்டிகளில் எஃப்இஎன் (FEN) துளையில் சின்ன எல்இடி வைத்துப் பார்ப்பார்கள். 02, 03 வந்தால் கேம் சென்சார், 08 ஏர்ஃப்ளோ மீட்டர், 09 வெப்ப சென்சார், 34 ஐடில் வால்வு. குறியீடு எதுவும் வரவில்லை என்பதால் வண்டி சுகம் என்று ஆகாது. கிளாம்ப் கழன்றதற்கும் பம்ப் சுவிட்சுக்கும் குறியீடே கிடையாது.

பழைய உரிமையாளர் போட்ட அலாரம் இருக்கிறது. அதுவா?

ஆம், நன்றாகவே இருக்கலாம். வெளியே வாங்கிப் போட்ட இம்மொபிலைசர்கள் (திருடர்கள் வண்டியை ஓட்டிப் போகாமல் தடுப்பவை) பம்ப் ஒயரையோ இக்னிஷன் ஒயரையோ நடுவில் அறுத்து ரிலே செருகியிருக்கும். டாஷுக்கு அடியில் டேப் சுற்றிய முடிச்சு தெரிந்தால் வேறெதையும் வாங்குவதற்கு முன் அதைப் பிரித்துப் பாருங்கள். வீட்டுச் சுவிட்ச்போர்டில் உபயோகிக்கும் இணைப்பான்களைக் கூட நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

ஆரம்ப வண்டிகளில் கிராங்க் பிரச்சினை என்கிறார்களே?

1991 வாக்கில் வரை வந்த எஞ்சின்களில் கிராங்க்ஷாஃப்ட்டின் மூக்கு குட்டை. முன் போல்ட் சரியாக இறுகாவிட்டால் புல்லியைப் பிடித்திருக்கும் சின்ன இரும்புத் துண்டு (கீ) தேய்ந்து டைமிங் நழுவும். கிராங்க் புல்லியின் நடுவில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீளமானது. இது பெரும்பாலும் சக்தி குறைவதாகவும் ஐடில் நடுங்குவதாகவும்தான் தெரியும். டைமிங்கை எத்தனை முறை அமைத்தாலும் தானாக நகர்கிறது என்றால் மட்டும் இதை நினையுங்கள். பெல்ட் அறுந்தாலும் இந்த எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதாது என்பது ஓர் ஆறுதல்.

என்னுடையது 1994, 1.8 லிட்டர். இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தும். உங்கள் வண்டியில் கதவு வைத்த மீட்டர் கிடையாது, சூடான கம்பி வைத்து அளக்கும் வகை. ஆகவே கதவை விரலால் தள்ளும் சோதனையும் இல்லை. பம்ப் ரிலேயைக் கம்ப்யூட்டரே பிடித்து வைக்கிறது, அதுவும் கேம் சென்சாரிலிருந்து சிக்னல் வரும்வரைதான். சென்சார் ஊமையானால் உங்களுக்குப் பம்ப்பும் சேர்ந்தே நின்றுவிடும், அதனால் பம்ப் ஓடவில்லையே என்று டேங்கைத் திறக்கப் போகாமல் முதலில் கேம் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.